தீவுக்கு இரண்டு கூடாரம்

1

எங்கள் குசினியில் பிரிட்ஜ் கதவில் ஒரு வரைபடம் தொங்குகிறது. போன கிழமை வரைக்கும் அந்த இடத்தில் தொழுகை நேர அட்டவணை இருந்தது. அதைக் கழற்றிப் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, என் மகள் ஹம்னா அங்கே ஒரு தீவைக் குடியேற்றியிருக்கிறாள். வெண்டிக்காய் மாதிரி நீளமான தீவு. சுற்றிவர நீலம். அது கடல் இல்லை, ஏரி. மறுகரை தெரியாத தண்ணீரை ஏரி என்று சொல்ல, இத்தனை வருடம் அமெரிக்காவின் இந்த வடக்கு ஓரத்தில் இருந்த பிறகும், கல்முனையில் பிறந்த எனக்கு வாய் வருவதில்லை.

தீவின் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்திருக்கிறாள். அது நாங்கள் நடக்கப்போகிற பாதையாம். நாங்கள் என்றால் அவளும் நானும். தீவின் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்கே அது இன்னும் சரியாக உச்சரிக்க வராது.

அவள் இதைக் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, பாணில் பட்டர் பூசிக்கொண்டே கேட்டாள்.

"வாப்பா, ஓகஸ்ட்ல லீவு எடுக்க ஏலுமா?"

செப்டம்பரில் அவள் பல்கலைக்கழகம் போகிறாள். நாட்டின் மறுகரையில், இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில். பெட்டி படுக்கை கட்ட ஆள் தேவைப்படுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"ஒரு தீவுக்குப் போவம். முதுகில பையோட நடந்து போற. நாலஞ்சு நாள். காட்டுக்குள்ளயே படுக்கிற."

"ஏன்?"

"சும்மா."

இந்தச் சும்மாவைத்தான் நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் கையுறைப் பெட்டிகளை அடுக்கும்போதும் யோசிக்கிறேன். கடந்த மூன்று நான்கு வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த கதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபாலட்டைக்குள் அடங்கும். சாப்பிட்டயா, ஓம். கார்த் திறப்பு எங்க, மேசையில. கதவைப் பூட்டு, சரி. அதற்குள் இவள் எப்போது வளர்ந்தாள், எப்போது ஒருநாள் பள்ளிக்கூடக் கூட்டத்தோடு காட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பி வந்து அதில் ஆசை பிடித்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்துவிட்டது. அப்படிப்பட்டவள் என்னைக் கூப்பிட்டாள். யோசிப்பதற்கு முதலே ஓம் என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலி பிறகுதான் ஞாபகம் வந்தது.

"கூட்டாளிமார் ஒருத்தரும் வரல்லையாக்கும், அதான் ஒங்களக் கேட்டிருக்கா," என்றாள் என் மனைவி றம்ஸியா. இருக்கலாம். அது தெரிந்தால் நான் சந்தோசப்பட வேண்டுமா கவலைப்பட வேண்டுமா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

2

ஒருவரும் குடியில்லாத தீவுக்குப் போவதற்கு இத்தனை அனுமதி வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த நாட்டுக்குள் வருவதற்கு நான் நிரப்பிய கடதாசிகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அவற்றில் பாதிக் கேள்வி இதிலும் இருக்கிறது. எந்தப் பாதையால் நுழைவீர், எந்தெந்த இடத்தில் இரவு தங்குவீர், எந்தப் படகில் திரும்புவீர். கூடாரம் என்ன நிறம் என்றுகூடக் கேட்கிறார்கள். தேடி வருகிறவர்களுக்கு வசதியாக இருக்குமாம்.

கடதாசியில் குழுத் தலைவர் என்று ஒரு கட்டம். அதில் ஹம்னா தன் பெயரை எழுதினாள். கீழே, உறுப்பினர்கள் என்ற கட்டத்தில் என் பெயர். ஆட்சேபிக்க வாய் திறந்தேன்.

"வாப்பா, தண்ணி வடிகட்டுற மெசின் ஒங்களுக்குப் பாவிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"வரைபடம்?"

"கார்ல போற எண்டாப் பார்ப்பன்."

"அப்ப நீங்க உறுப்பினர்."

அடுத்த கட்டம் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். இரண்டு பேர் வேண்டுமாம். முதலாவது றம்ஸியா. இரண்டாவதுக்கு நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கல்முனையில் இருக்கிற என் மூத்த சகோதரி ஜெஸீமா ராத்தாவின் பெயரையும் நம்பரையும் சொன்னேன். எந்தக் கடதாசியில் இந்தக் கேள்வி வந்தாலும் என் கை தானாக எழுதுகிற பெயர் அது. ஹம்னா பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நாம காட்டுல கால முறிச்சிக்கிட்டுக் கிடந்தா, மாமி கல்முனையில இருந்து வந்து தூக்குவாவா?"

தூக்க மாட்டார். ஆனால் ராத்தாவுக்குச் சொல்லாமல் ஒரு ஆபத்தில் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதச் சொன்னேன். எழுதினாள்.

3

பெயரைக் கொடுத்த பிறகு ஆளுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. போன் எடுத்தேன்.

"எங்க போறாய்?"

"ஒரு தீவுக்கு ராத்தா. ஹம்னாவும் நானும்."

"ஆரு இரிக்கா அங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப ஆரப் பார்க்கப் போறாய்?"

மரங்கள், ஏரி, மூஸ் என்றொரு மிருகம், மரை மாதிரி, ஆனால் மாட்டைவிடப் பெரிது என்று ஏதோ சொன்னேன். அங்கே நரி சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், அதனால் சப்பாத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்ற தகவலையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு பைத்தியக்காரனின் கதை மாதிரிக் கேட்டது.

"படுக்கிற எங்க?"

"டென்ட் அடிச்சி."

நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. சுனாமிக்குப் பிறகு ராத்தா, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் அப்படி ஒரு டென்டுக்குள்தான் மாதக்கணக்கில் கிடந்தார்கள். நான் அப்போது இங்கே, ஹீட்டர் போட்ட அறைக்குள் இருந்தேன்.

"டென்டுக்குள்ள கிடக்கிறத்துக்குக் காசு குடுத்துப் போறியா தம்பி? எங்களுக்கு அத சும்மா தந்தாங்க. அதுக்கே நாங்க அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"இது வேற மாதிரி ராத்தா."

"என்ன வேற மாதிரி? பகல்ல வெக்கை, ராவையில குளிர். மழை பெஞ்சா பாயெல்லாம் தண்ணி. மறுகா என்ன வேற?"

எனக்கு வேறுபாடு தெரிந்துதான் இருந்தது. எங்களுக்குத் திரும்பி வர வீடு இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. அதை ராத்தாவிடம் எப்படிச் சொல்வது.

"சரி, அத விடு," என்றார் ராத்தா. "கரடி கிரடி புடிக்கிறத்துக்கு முதல் எனக்கு ஒரு முடிவு சொல்லு."

"கரடி இல்ல ராத்தா. ஓநாய்தான்."

"எதுவோ ஒண்டு. என்ட மகளுக்கு வளவு கேட்டனே, அந்த விசயம். அங்க போன் வேலை செய்யாது எண்டாய். போறத்துக்கு முதல் சொல்லிட்டுப் போ."

4

வளவு, அதுதான் வீடு கட்டுகிற காணி, அந்த விசயத்தைச் சொல்வதற்கு முதல் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். யாழ்ப்பாணத்தில் இருந்தோ இந்தியாவில் இருந்தோ வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் பெண்பிள்ளை கலியாணம் முடித்து வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். பெண்ணுக்குத் தாய் தகப்பன் ஒரு வீட்டைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் கிணற்றடிப் பக்கமாகச் சின்னதாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் வாப்பா ராத்தாவுக்கு அப்படித்தான் கொடுத்தார். நான் ஆண்பிள்ளை. ஒரு சூட்கேசோடு றம்ஸியாவின் வீட்டுக்குப் போனேன், பிறகு அதே சூட்கேசோடு இங்கே வந்தேன். இந்த வழக்கம் பிழை, பெண்ணைப் பெற்றவனின் முதுகெலும்பை முறிக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். நானே கை தட்டியிருக்கிறேன்.

ஆனால் இப்போது என்னுடைய குழப்பம் வேறு. மகளை வழியனுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்ததே இல்லை. மகன் போவதைப் பார்த்திருக்கிறேன். வாசலில் உம்மா அழுவார், வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வானைப் பார்ப்பார், வேன் புறப்படும். மகள் போகிறபோது தகப்பன் எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் எனக்குக் காட்டித் தரவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

ஹம்னா பிறந்த வருடம் நான் முதலாவதாகச் செய்த காரியம், ராத்தாவின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வளவு வாங்கியதுதான். தொட்டிலுக்கு முதல் வளவு. அதில் ஒரு கிணறு வெட்டினேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அத்திவாரம் போட்டேன். அதோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றேன். இப்போது அந்த அத்திவாரத்துக்குள் முருங்கை முளைத்து, அது காய்த்து, அந்தக் காயை ராத்தா கறி ஆக்குகிறார்.

ராத்தாவின் இளைய மகள் சிபானாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. இந்தப் போகம் அறுவடை முடிய என்று பேச்சு. அவளுக்கு வீடு வேண்டும்.

"நீ கட்டுறண்டா கட்டு தம்பி, நான் ஒண்டும் கேட்கல்ல. கட்டல்ல எண்டா என்ட புள்ளைக்குத் தா. அதுக்குப் பகரமா சவளக்கடைப் பக்கத்து வயல்ல என்ட பங்க எழுதித் தாறன். ஹம்னா இஞ்ச வந்து இரிக்கப் போறாவா? உள்ளதச் சொல்லு."

உள்ளதைச் சொன்னால், வரமாட்டாள். அது எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் போனால் பிறகு வேலை, வேலைக்குப் பிறகு இன்னொரு ஊர். இந்த வீட்டுக்கே எத்தனை தரம் வருவாள் என்று தெரியாது. ஆனால் வளவை எடு ராத்தா என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், மகளுக்குத் தகப்பன் செய்ய வேண்டிய ஒரே காரியத்தை நான் என் வாயாலேயே கைவிட்டதாகிவிடும். அதன் பிறகு நான் அவளுக்கு என்ன? காரில் ஏற்றிக்கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்கிவிடுகிற ஆளா?

"யோசிச்சிச் சொல்றன்," என்றேன்.

"பதினெட்டு வருசமா யோசிக்காய்," என்றார் ராத்தா.

5

இந்த மன நிலையில்தான் நான் கூடாரம் வாங்கப் போனேன். ஹம்னாவிடம் சொல்லவில்லை. வீடு கொடுப்பது தகப்பனின் வேலை, அது துணி வீடாக இருந்தாலும். கடையில் இருந்ததில் பெரியதை எடுத்தேன். நான்கு பேர் படுக்கலாம். நடுவில் தடுப்புத் திரை, முன்னால் ஒரு சின்ன விறாந்தை, இரண்டு ஜன்னல். காரில் ஏற்ற ஒரு பொடியன் கை கொடுக்க வேண்டியிருந்தது. பல நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

ஹம்னா பையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை.

"வாப்பா, இது கார்ல போறவங்களுக்கு. நாம முதுகில தூக்கணும்."

"நான் தூக்குறன்."

"ஒங்கட முழங்காலோடயா?" மேலே போய் இரண்டு சின்னப் பைகளோடு வந்தாள். ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. "நான் முதலே எடுத்திட்டன். இது ஒங்களுக்கு. இது எனக்கு."

"ஏன் ரெண்டு?"

"ஒவ்வொருத்தரும் அவங்கவங்கட கூடாரத்த அவங்களே தூக்கணும். அதுதான் முறை. வழியில பிரிஞ்சி போனாலும் ரெண்டு பேருக்கும் படுக்க இடம் இருக்கும்."

"நாம ஏன் பிரியப் போறம்?"

அவள் என்னுடைய பையை என் கையில் தந்துவிட்டு மேலே போய்விட்டாள். எனக்கு மனது நன்றாக வலித்தது. ஓநாய் உலாவுகிற தீவில் தகப்பன் ஒரு துணிக்குள், மகள் வேறொரு துணிக்குள். இதற்கு நான் எதற்கு? றம்ஸியாவிடம் சொன்னால் ஆறுதலாக ஏதும் சொல்வாள் என்று நினைத்தேன். "ஒங்கட குறட்டைக்குள்ள ஆரு படுப்பா?" என்றுவிட்டு அவள் உடுப்பு மடிக்கப் போய்விட்டாள்.

பெரிய கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, என்ன குறை என்று கடைக்காரப் பெண் கேட்டாள். குறை ஒன்றுமில்லை, வீடு பெரிதாகிவிட்டது என்றேன். அவளுக்கு அது விளங்கியதோ தெரியாது.

பை கட்டுவதும் ஒரு வழக்கு விசாரணை போலத்தான் நடந்தது. நான் கொண்டுவந்து வைத்த ஒவ்வொன்றையும் ஹம்னா தூக்கிப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டாள். இது இல்லாட்டி சாவமா? குடை போயிற்று. பிளாஸ்க் போயிற்று. பெரிய டோர்ச் போயிற்று. மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலுக்காக நான் கொஞ்சம் வாதாடினேன். வெந்நீர் ஊற்றினால் சோறாகிவிடும் என்று அவள் வாங்கி வைத்திருக்கிற பைகளின் பின்பக்கத்தில் ஹலால்தானா என்று தேடித் தேடிக் கடைசியில் மரக்கறி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மாசி இல்லாமல் அதைச் சாப்பிட்டால் சாவோமோ இல்லையோ, வாழ்ந்ததாக ஆகாது. போத்தல் வேண்டாம், ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள் என்று இரங்கினாள்.

நான் வீட்டில் உடுத்துகிற சாரனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது?"

"குளிச்சாத் துடைக்கலாம். குளிருக்குப் போர்க்கலாம். விரிச்சித் தொழலாம். கால் முறிஞ்சா ரெண்டு கம்பில கட்டி என்னத் தூக்கிட்டுப் போகலாம்."

ஹம்னா கொஞ்ச நேரம் சாரனையே பார்த்தாள். பிறகு மடித்து என் பையில் வைத்தாள். அது போதாதென்று, "எனக்கும் ஒண்டு தாங்க," என்றாள்.

காட்டில் தங்குவது எனக்குப் புதிதல்ல என்று அவளுக்குச் சொல்ல ஆசை. சின்ன வயதில் வாப்பாவோடு வட்டைக்கு, அதுதான் வயல்வெளிக்கு, யானைக் காவலுக்குப் போய் வாடியில், காவல் குடிசையில், படுத்திருக்கிறேன். ஆனால் அது நெல்லுக்காக. நெல் இல்லாவிட்டால் வாப்பா ஒரு இரவுகூட அந்த நுளம்புக் கடிக்குள் கிடந்திருக்க மாட்டார். இந்தத் தீவில் காவல் காக்க நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் அவள் மறுபடியும் சும்மா என்பாள்.

6

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்தரையில் கூடாரம் அடித்துப் பழகுவது என்று குழுத் தலைவர் உத்தரவு. ஹம்னா தன்னுடையதைச் சட்டென்று நிமிர்த்திவிட்டாள். என்னுடையது ஒரு பக்கம் எழும்ப மறுபக்கம் விழுந்தது. கடைசியில் நானே உள்ளே நுழைந்து வளைகம்பியைத் தலையாலும் கையாலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அப்படியே இரிங்க," என்று வெளியே குந்தி ஆணிகளை அடிக்கத் தொடங்கினாள். இடையில் மெல்லிய துணி ஒன்றுதான். முகம் தெரியாததாலோ என்னவோ, எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"புள்ள, கல்முனையில ஒனக்கு ஒரு வளவு இரிக்கி. தெரியுமா?"

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது.

"அந்த சிமெந்துக் கட்டம் கட்டமா இரிக்கிற எடமா? முருங்க மரத்தோட?"

"ஓம்."

"அதுல நானும் சிபானா மச்சியும் விளையாடியிருக்கம். ஒவ்வொரு கட்டமும் ஒரு அறை. அது என்ட வீடு எண்டு மச்சி சொன்னா. நான் நம்பல்ல. வாப்பா, அது உண்மையா என்டயா?"

அவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும், விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். அந்த விடுமுறையிலோ பிறகோ நான் இதைப் பற்றி அவளிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவளுக்காகவே வாங்கியது, அவளிடமே சொல்லவில்லை. எப்படி அப்படி விட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. கம்பியைத் தாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிபானாவின் கலியாணம், ராத்தா கேட்டது, நான் பதில் சொல்லாதது. வீடு கட்டாமல் விட்டதற்குக் கவலையாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஹம்னா கையைத் துணிக்குள் நீட்டினாள்.

"போனத் தாங்க."

ராத்தா வீடியோவில் வந்தார்.

"மாமி, நான் ஹம்னா. சிபானா மச்சிக்கு அந்த வளவ எடுங்க."

"வாப்பாட்டக் கேட்டயா புள்ள?"

"வளவு என்டதானே மாமி."

ராத்தா சிரித்தது எனக்குக் கேட்டது. ஹம்னாவின் தமிழ் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"ஆனா ஒரு மூலை எனக்கு விடணும். கட்டாம விடணும். நான் வந்தா அதுல டென்ட் அடிப்பன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சொல்லை ராத்தாவிடம் சொல்லாதே என்று மகளுக்கு நான் சொல்லி வைத்திருக்கவில்லை.

"டென்ட் ஒனக்கு வேணாம் மகள்," என்றார் ராத்தா. "நீ வந்தா ஒனக்கு அறை இரிக்கி. கட்டில் இரிக்கி. டென்டுக்குள்ள படுக்க வெச்சி நான் பார்த்திட்டு இரிக்க மாட்டன்."

"அறை மச்சிட மாமி. எனக்கு என்ட எடம் வேணும். கொஞ்சம் போதும்."

"எவ்வளவு எடம் புள்ள வேணும்?"

ஹம்னா போனைத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். துணிக்கு வெளியே அவள் நிழல் அசைந்தது. அவளுடைய கூடாரத்தையும், நான் தலையால் தாங்கிக்கொண்டிருந்த இந்தக் கோணல் கூடாரத்தையும் ராத்தாவுக்குக் காட்டுகிறாள் என்று விளங்கியது.

"இந்த அளவு மாமி. ரெண்டு. ஒண்டு எனக்கு. பக்கத்தில ஒண்டு வாப்பாக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் கம்பியில் இருந்தது.

"ரெண்டு எண்டா," என்றார் ராத்தா, "கிணத்தடிப் பக்கம் விடுறன்."